உங்களுக்குத் தெரியுமா? அகரவரிசையில் ஓர் ஒப்பாரி

யூதர்களின் மறைநூலான தனாக் 24 நூல்களின் தொகுப்பு. சட்டம், அரச வரலாறு, பழமொழி, காதல் பாட்டு எல்லாம் அதில் உண்டு. அதிலுள்ள யோபுவின் கதை உரைநடையில் தொடங்கி, கவிதையில் வாதாடி, மறுபடி உரைநடையில் முடிகிறது. ஆனால் வியப்பின் உச்சம் புலம்பல் நூல்தான். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எழுந்த ஒப்பாரி அது. எபிரேயத்தில் 22 எழுத்துகள். நூலின் ஐந்து பாடல்களில் முதல் நான்கின் வசனங்களும் அந்த எழுத்து வரிசையிலேயே தொடங்கி நகர்கின்றன (இரண்டு எழுத்துகள் மட்டும் சில பாடல்களில் இடம் மாறும்). மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். ஐந்தாவதிலும் 22 வசனங்கள், எழுத்து வரிசை மட்டும் இல்லை. அதுவரை கட்டுக்குள் நின்ற துயரம் அங்கே கட்டவிழ்வதாகவே எனக்குப் படுகிறது. தனாக்கின் இன்னொரு பாடலான சங்கீதம் 119இல் இதே அகரவரிசை உத்தி எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் வரை நீள்கிறது. அங்கே பாடுபொருள் துயரமல்ல, திருச்சட்டத்தின் மீதான தீராக் காதல்.