கயாக் மூடியை அமுக்கும் 17 கிலோ காற்று! தெரியுமா?

வெள்ளவத்தைக் கரையில் நல்ல வெயிலில் கிடந்த கடல் கயாக்கை, அதன் சாமான் அறை மூடியைப் பூட்டித் தண்ணீரில் இறக்குகிறீர்கள். சற்று நேரத்தில் அந்தச் சின்ன மூடியை 17 கிலோ எடை அமுக்கிக்கொண்டிருக்கக்கூடும், தெரியுமா? அலையும் இல்லை, ஆளும் ஏறவில்லை. வெறும் காற்று!

கணக்குப் போட்டே பார்க்கலாம். அறைக்குள் அடைபட்ட காற்று 45 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருந்தது, கடல் நீர் 28 பாகை என்று வைப்போம். காற்று கடலளவு குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் 5 வீதத்துக்கு மேல் இறங்கிவிடும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடியில் அந்த வித்தியாசம்தான் ஏறத்தாழ 17 கிலோ. சூடான சோற்றோடு இறுக மூடிய பெட்டி, ஆறியபின் திறக்க மறுக்கிறதே, அதே சங்கதி. இறப்பர் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், மூடியின் மேல் வழிந்தோடும் கடல் நீரை அறையே உறிஞ்சிக் குடிக்கும்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? இன்னொரு ஓட்டை! ஆமாம், நீர் புகாதிருக்கக் கட்டிய தடுப்புச் சுவரிலேயே, உயரமான இடத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில் துளை போடுகிறார்கள். காற்று அதனூடே போய்வந்து அழுத்தத்தைச் சமப்படுத்திவிடும். நீர் வந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இந்த எளிய யோசனைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

கயாக்கைப் பெற்றெடுத்த ஆர்க்டிக் மக்களிடம் தடுப்புச் சுவரும் இல்லை, மூடியும் இல்லை. கிரீன்லாந்து வேட்டைக்காரர் சீல் தோல் மேலங்கியைக் கயாக்கின் வாய் விளிம்போடு சேர்த்து இறுக்கிவிடுவார். மனிதரே மூடி!

அறை அறையாகத் தடுக்கும் வித்தையோ ஆசியாவின் சொத்து. சில பெருங்கப்பல்களில் 13 அறைகள் வரை இருந்ததாக மார்க்கோ போலோ எழுதிவைத்தார். நம்ப முடியவில்லையா? சீனத்தின் சுவான்சோவில் 1974இல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலில் 12 தடுப்புகள், சரியாக 13 அறைகள்! பலகை இடுக்குகளைச் சணல் நார், சுண்ணாம்பு, துங் எண்ணெய் கொண்டு கலப்பற்றுச் செய்து அடைத்தார்கள். அதே சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. நம் வணிகர் அந்தத் துறைமுகத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். தடுப்பறைகள் கட்டும் சீனக் கைவினையை அவசரமாகக் காக்கவேண்டிய மரபாக யுனெஸ்கோ 2010இல் பட்டியலிட்டது.

அந்தக் கப்பல் மரபின் சாட்சி ஒன்று கொழும்பிலேயே நிற்கிறது, தெரியுமா? சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்தியதைச் சொல்கிறது. 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது எங்கே கிடந்தது? ஒரு மதகில், முகம் குப்புற! இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கப்பலில் தடுப்பறைகள் இருந்தால் மட்டும் ஆபத்தில்லையா? 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் 16 அறைகள். சுவர்கள் போதிய உயரம் எழவில்லை, நீர் ஒன்றைத் தாண்டி அடுத்ததில் வழிந்தது. கயாக்கிலும் அப்படித்தான், ஒரு பலவீனமான இடம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். புகுந்த ஒவ்வொரு லீட்டரும் ஒரு கிலோ. அது உள்ளே அலைந்து, சாயும் பக்கமே ஓடி, கயாக்கைக் கவிழ்க்கப் பார்க்கும்.

ஆகவே கயாக் வைத்திருப்பவர்களே, அறைக்குள் சில லீட்டர் நீர் ஊற்றி, மூடி, புரட்டிப் பாருங்கள். கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். உப்பை நன்னீரில் கழுவுங்கள், இறப்பர் மூடியை வெயிலில் காயவிடாதீர்கள், வெடித்ததை உடனே மாற்றுங்கள். மேயில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெள்ளவத்தைக் கரையில் கயாக்கை இறக்கவேண்டாம்.