வெளிநாட்டுச் சம்பளம், ஊர் நிலம்: சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குக் கிளம்புகிறவர் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டு போகிறார், ஊரிலிருக்கும் வங்கியிடம் மட்டும் சொல்வதில்லை. வேலைக்காக நாட்டைவிட்டுப் போனதுமே, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி (ஃபெமா) அவர் வெளிநாடுவாழ் இந்தியர். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை, பென்ஷன் போன்ற உள்ளூர் வருமானம் அதில் சேரும். வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை.

கணக்கை மாற்றுவது ஒரு விண்ணப்பத்தில் முடிந்துவிடும். குடும்பங்களைப் பிரிப்பது நிலம்தான்.

வெளிநாடுவாழ் இந்தியர் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஊரில் உடனே ஒரு வழி சொல்வார்கள்: "தம்பி பேர்ல போட்டுடலாம்." அதைவிட ஆபத்தான யோசனை இல்லை. மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்கினால் பினாமி சட்டம் விலக்குத் தருகிறது. உடன்பிறந்தவர் பெயரில் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தாக வேண்டும். விவசாய நிலத்தில் அதற்கு வழியில்லையே! 2016 திருத்தத்துக்குப் பின், பினாமிச் சொத்து பறிமுதலாகும். 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. நாளைக்கே தம்பி மனம் மாறினால், "பணம் என்னுடையது, நிலத்தைக் கொடு" என்று வழக்குப் போடவும் அச்சட்டம் விடாது. தம்பிக்கு உண்மையாகவே கொடுப்பதென்றால் நன்கொடையாகக் கொடுங்கள், அவருக்கு வருமான வரி வராது. நிலமும் அவருடையதுதான்.

மனையை விற்க அண்ணனுக்கோ மாமாவுக்கோ பவர் எழுதுகிறீர்களா? எந்தச் சொத்து, என்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த மனை என்றால், வாங்குபவர் 12.5 சதவீதமும் சர்சார்ஜ், செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார். உங்கள் லாபம் குறைவென்றால், விற்கும் முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கிக்கொள்ளலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

வங்கி வழியன்றி உண்டியலில் (ஹவாலா) அனுப்பிய பணத்துக்கு எந்தச் சான்றும் மிஞ்சாது. பிடிபட்டால் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

ஊரோடு திரும்பிவிட்டால் அதையும் வங்கிக்குச் சொல்ல வேண்டும், என்.ஆர்.இ. வரிச்சலுகை அதோடு முடிகிறது. அங்கே சேர்த்த பணத்தை அங்கேயே வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முழு வரிவாசியான பின் அதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

தெரியாமல் நடந்த ஃபெமா மீறல்கள் பலவற்றை, தாமாக முன்வந்து ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பித்து, குறித்த தொகை கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். வங்கி சேவையில் குறையென்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் வெளிநாட்டிலிருந்தே இணையத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.