குழந்தையின் சொல்லையும் கேட்போம்

வீட்டுச் சமாசாரத்தைச் சங்கப் பத்திரிகையில் எழுதுவதா என்று என் மனைவி தயங்கினாள். "எழுதுங்கப்பா, இன்னொரு வீட்டுக்கு உபயோகமா இருக்கும்" என்று மகளே சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். தண்டவாளப் பராமரிப்பில் 37 வருடம் ஓடி, 2018-ல் ஓய்வு பெற்று டோம்பிவிலியில் இருக்கிறேன். மகளைச் செம்பூரில் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்து வரவில்லை. காரணங்களுக்குள் போக வேண்டாம். தவறு ஒரு பக்கம் மட்டும் இருக்கவில்லை. மகள் எங்களிடம் வந்துவிட்டாள். வழக்கு பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. பிரிவதில் தகராறு இல்லை. பேரன் யாரிடம் வளர்வது என்பதில்தான் தகராறு. அது 2022-ம் வருடம். அவனுக்கு வயது 9.

ஒரு நாள், குழந்தையை அழைத்து வரும்படி நீதிபதி சொன்னார். முதல் நாள் இரவு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பேரனை உட்கார வைத்து, "அம்மாகிட்டதான் இருப்பேன், அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லணும்" என்று வாய்ப்பாடு போல மூன்று முறை ஒப்பிக்க வைத்தேன். அவன் தலையை ஆட்டினான். அன்று சரியாகச் சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

மறுநாள் நீதிபதி அவனை மட்டும் தம் அறைக்கு அழைத்துக்கொண்டார். வக்கீல்கள்கூட உள்ளே போகவில்லை. வெளியே ஒரு பெஞ்சில் நாங்கள். எதிர் பெஞ்சில் மாப்பிள்ளையும் அவர் தாயாரும். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"தாத்தா, நீங்க சொல்லிக் கொடுத்ததை நான் சொல்லலை. யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு முதல்லயே கேட்டுட்டாங்க. கோவமா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. பள்ளி நாட்களில் அம்மாவிடம், வார விடுமுறையில் அப்பாவிடமும் அந்தப் பாட்டியிடமும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இன்னொன்றும் கேட்டிருக்கிறான்: அங்கே நடப்பதை இங்கேயும், இங்கே நடப்பதை அங்கேயும் யாரும் தன்னிடம் விசாரிக்கக் கூடாதாம். பெரியவர்கள் இரண்டு வருடம் சண்டை போட்டும் எங்கள் புத்திக்கு எட்டாதது அது. உத்தரவும் ஏறக்குறைய அவன் சொன்னபடியே வந்தது.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். இது புதிய சங்கதி அல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1890-ம் வருடக் காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவே, விவரமாகத் தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய வயது குழந்தைக்கு இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. குழந்தையின் கருத்துக்கு இடம் தரும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் நம் நாடு 1992-ல் சேர்ந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், தாயை இழந்த சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கும்படி கீழ் நீதிமன்றமும் கல்கத்தா உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருக்க விரும்புவதாக அவன் சொன்னான். முந்தைய தீர்ப்புகள் ரத்தாயின.

பெற்றோர் ஆதரவு இல்லாத குழந்தைகளுக்கும் இந்த உரிமை உண்டு. அவர்களை விடுதியில் சேர்ப்பதா, வளர்ப்புக் குடும்பத்தில் விடுவதா என்று பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் சொல்லும் கேட்கப்பட வேண்டும் என்பதை 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டம் அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. குழுவினர் உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது, நடுவே கூண்டோ தடுப்போ இருக்கக் கூடாது என்று 2016-ம் வருட விதிகள் சொல்கின்றன. தத்துக் கொடுக்கும்போதும் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப குழந்தையின் விருப்பத்தைப் பார்த்தே உத்தரவிட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தையைக் கேட்பது வேறு, தீர்ப்பைக் குழந்தையின் தலையில் கட்டுவது வேறு. ரயில் தடம் புரண்டால் டிரைவர், கார்டு மட்டுமல்ல, கேட்மேன், கீமேன் வரை விசாரிப்போம். கண்ணால் பார்த்தவன் சொல்லைக் கேட்காமல் அறிக்கை எழுத மாட்டோம். ஆனால் காரணத்தை முடிவு செய்வது விசாரணை அதிகாரிதான், கேட்மேன் அல்ல. "அம்மா வேணுமா, அப்பா வேணுமா" என்று கேட்டால் எந்தக் குழந்தைதான் பதில் சொல்லும்? குழந்தையின் நலன்தான் முதலில். அதைத் தீர்மானிப்பது நீதிபதியின் பொறுப்பு. நலன் எது என்று தெரிந்துகொள்ளக் குழந்தையின் சொல் வேண்டும். அவ்வளவுதான்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்குச் சில கூடுதல் சங்கடங்கள் உண்டு. பெரியப்பா, சித்தி என்று மனம் விட்டுப் பேச ஆள் பக்கத்தில் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு பாஷை. என் பேரன் மராத்தியிலேயே பேசிவிட்டான். உங்கள் குழந்தைக்குத் தமிழில்தான் மனம் திறக்கும் என்றால், அதை வக்கீலிடமும் நீதிமன்ற ஆலோசகரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதைக் குழந்தையிடம் உள்ளபடி சொல்லுங்கள். எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் "என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பாசத்தால்தான் செய்கிறோம், ஆனால் பாரத்தைச் சுமப்பது குழந்தை.

இப்போதும் சனிக்கிழமைகளில் பேரனை நான்தான் லோக்கலில் அழைத்துப் போகிறேன். குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டி மாறி, செம்பூரில் அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு வருவேன். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

"சாப்பிட்டியாடா?"