கல்லூரியும் தொழிற்சாலையும்

பொறியியல் மாணவர் ஒருவர் நீரேற்றும் பம்புக்குரிய சுழல்தண்டின் விட்டத்தைக் கணக்கிடுகிறார் என்று கொள்வோம். விடை 37 மில்லிமீட்டர் என வருகிறது. தேர்வுத்தாளில் அவ்வளவே போதும். ஆனால் அத்தண்டைத் தாங்கும் பேரிங்குகள் 35, 40 என்று ஐந்தைந்து மில்லிமீட்டர் ஏற்றத்திலேயே கடையில் கிடைக்கும். ஆகவே 40-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் எடை எவ்வளவு கூடும்? விலை எவ்வளவு ஏறும்? பழுது நேர்ந்தால் கிராமத்துக் கடையில் அந்த பேரிங் அகப்படுமா? இக்கேள்விகளை எழுப்பப் பழக்குபவர் தொழிற்சாலையில் பல்லாண்டு பொறுப்பு வகித்த நிர்வாகியே. அவரை மாணவருக்கு வழிகாட்டியாக அமர்த்தும் முறையைப் பற்றி இங்கே சிறிது விளக்குவோம்.

இம்முறையின் மூலக் கருத்து பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர், வகுப்பும் தொழிற்சாலை வேலையும் மாறி மாறி வரும் படிப்பை 1906-இல் தொடங்கினார். நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தவுடன் எதிர்ப்படும் கோயம்புத்தூர் ஆகும். அங்கே பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் 1926-இல் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினர். பம்பும் மோட்டாரும் கடைசல் இயந்திரமும் செய்துவந்த அத்தொழிற்கூடத்தின் அருகிலேயே 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தது. வகுப்பையும் தொழிற்பயிற்சியையும் இணைத்த ஐந்தாண்டுப் படிப்பு அங்கே வேரூன்றியது. அதன் முதல் முதல்வரான ஜி.ஆர். தாமோதரன், 'கலைக்கதிர்' இதழின் வாயிலாக அறிவியலைத் தமிழில் பரப்பியவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பள்ளிப் படிப்பை முடிக்காத தொழிலதிபர் ஜி.டி. நாயுடு, 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த பொறியியற் கல்லூரிக்கு முதல்வராக விளங்கினார். நான்காண்டுப் படிப்பு மிகை, இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்காமையால் பதவி துறந்தார். அவர் கூறிய கால அளவை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை; கையால் செய்யாத கல்வி நிறைவு பெறாது என்ற அவர் கருத்தோ இன்றும் நிற்கிறது. பிலானியில் தொழிற்சாலைப் பயிற்சி 1973-இல் பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. அதே ஆண்டில், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டமும் பொறியியல் பட்டதாரிகளை உள்ளடக்கும்படி திருத்தப்பெற்றது.

எனினும் பயிற்சி வேறு, வழிகாட்டல் வேறு. பயிற்சி, இயந்திரத்தை அறிமுகப்படுத்துகிறது. வழிகாட்டி, அத்துறையின் மனிதர்களையும் நடைமுறையையும் அறிமுகப்படுத்துகிறார். திங்களுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் போதும். மாணவர் தாம் செய்த ஒரு வேலையைக் குறிப்பெழுதிக் கொண்டுவர வேண்டும். வழிகாட்டி விடையை உடனே உரைத்துவிடாமல், 'இதை ஏன் இவ்வாறு செய்தீர்?' என்று வினவ வேண்டும். தம் ஆலையில் தீராதிருக்கும் சிறு சிக்கல் ஒன்றை ஒப்படைப்பின் இன்னும் நன்று. வேலை வாங்கித் தருவது அவர் கடமை அன்று. வேலைக்குத் தகுதியாக்குவதே கடமை.

இதனால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் யாவர்? தந்தையோ மாமனோ தொழிற்சாலையில் உயர்பதவி வகிக்கும் வீட்டுப் பிள்ளை, உணவருந்தும்போதே இவற்றையெல்லாம் கேட்டு வளர்கிறது. ஆனைக்கரை முதலிய எல்லைப்புற ஊர்களில் ஏலத்தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கோ பையனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. பாலக்காட்டில் 1960 முதல் பொறியியற் கல்லூரி உண்டு. 2015 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் உண்டு. அருகே கஞ்சிக்கோட்டில் ஆலைகளும் உண்டு. கல்லூரி வாயில் திறந்திருக்கிறது. ஆலைக்குள் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் அக்குழந்தைகளுக்குத் தெரிவதில்லை. மதிப்பெண் இருந்தும் நேர்முகத் தேர்வில் அவர்கள் தயங்கி நிற்பது பெரும்பாலும் இதனாலேயே.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கும் தமிழ் அன்பர்கள் பலர். இன்று தொலைபேசி இருக்கையில் தொலைவு ஒரு தடையன்று. உங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரே ஒரு மாணவருக்கு ஓராண்டு வழிகாட்ட இசைவு தெரிவியுங்கள். தொழிலில் நீங்கள் பட்டறிந்தவை உங்களோடு நின்றுவிடாமல், கேட்பதற்கு ஆளின்றி நிற்கும் ஓர் இளைஞருக்குக் கைமுதலாகும்.