திங்கட்கிழமை இருமலுக்குச் சாட்சி யார்?

“என்னங்க பண்ணுது?”

“இருமலுங்க டாக்டர். நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுங்க.”

“பீடி உண்டா?”

“உண்டுங்க.”

முடிந்தது விசாரணை! சீட்டிலே ஒரு வரி, பத்து நாளைக்கு மாத்திரை, அடுத்த ஆள்! டாக்டரைக் குறை கூறிப் பயனில்லை. வரிசை வாசல்வரை நிற்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் பஞ்சாலையிலே இருபத்தைந்து வருஷம் கார்டிங்கில் நின்றவர் என்பதை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய சேதி அது என்பதே இவருக்குத் தெரியாது.

நோயாளியைக் கண்டதும் ‘நீ செய்யும் தொழில் என்ன?’ என்று மருத்துவன் கேட்டாக வேண்டும் என, 1700-ஆம் ஆண்டிலேயே புத்தகம் எழுதி வைத்தார் இத்தாலி தேசத்து மருத்துவர் ராமஸினி. முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சேதி நொய்யல் கரைக்கு முழுதாக வந்து சேரவில்லை!

அந்த ஒரு கேள்வியிலே என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். பிஸினோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. பெயர் வாயில் நுழையாது. நோய் மட்டும் நெஞ்சிலே சுலபமாக நுழைந்துவிடும். புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கிற பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பதால் வருவது. விடுமுறை கழிந்து முதல் நாள் வேலைக்குப் போனால் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். மறுநாள் தளரும். சில வருஷம் சென்றபின் செவ்வாயும் இறுகும், புதனும் இறுகும். பிறகு கிழமைக் கணக்கே இல்லை. மூச்சுக்குழல் சுருங்கியது சுருங்கியதுதான், வேலையை விட்டாலும் திரும்பாது. எக்ஸ்ரே படத்திலே இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. ஆகையால்தான் லங்காஷயர் ஆலைகளை 1950-களில் ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், ‘வாரத்தின் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா?’ என்ற கேள்வியை வைத்தே நோயைப் படிப்படியாக வகுத்தார்.

படம் சாட்சி சொல்லாத நோய் இது. தொழிலாளியின் வாக்கும், அதை எழுதிவைத்த காகிதமுமே சாட்சி. அந்தக் காகிதத்துக்கு நம் நாட்டிலே என்ன கதி?

1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் ஆலை எழுந்த நாளிலிருந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து சிங்காநல்லூரும் பீளமேடும் ஆலைச் சங்கின் ஒலியில் விழித்த காலம் தொட்டு, இந்தத் தூசியைத் தின்றுதான் கோவை வளர்ந்தது. இ.எஸ்.ஐ. திட்டம் அன்றைய சென்னை ராஜ்யத்திலே முதன்முதலாக 1955 ஜனவரி 23-ல் கோவையில்தான் தொடங்கிற்று. 2019 ஜூலை முதல் தொழிலாளி கூலியிலே நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றே கால் ரூபாயும் கட்ட வேண்டும் என்பது கணக்கு. இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலே இந்தப் பஞ்சு நோய் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. தொழில்நோய் என்று நிரூபித்தால் நிவாரணம் உண்டு. நிரூபிக்க என்ன வேண்டும்? குறித்த காலம் தொடர்ந்து அந்த வேலையிலே இருந்ததற்குச் சான்று!

இன்னொன்றும் உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட நோயைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. டாக்டர் எழுதினால் ஆய்வாளர் ஆலைக்குள் நுழைவார். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பார். சங்கிலி சட்டப் புத்தகத்திலே அழகாகத்தான் இருக்கிறது! சீட்டிலே ‘ஆஸ்துமா, பீடி’ என்று எழுதிய மாத்திரத்தில் முதல் கண்ணியே அறுந்து விழுகிறது.

அறுந்ததை ஒட்டவும் வழியில்லை. இ.எஸ்.ஐ. ஒரு வீடு, சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரி வேறு வீடு, ஆய்வாளர் அலுவலகம் மூன்றாவது வீடு. மாதக் கூலி 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கதவு சாத்தப்படும். ஓய்வு வயதுவரை வேலை பார்த்தவர் சிறுதொகை கட்டித் தொடர வழி உண்டு. ஆலை நின்றுபோய் நடுவழியில் இறக்கிவிடப்பட்டவர் கதி? 2020 மார்ச் ஊரடங்கிலே நின்ற என்.டி.சி. ஆலைகளின் வாசலில் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோய் முற்றுவதோ பல வருஷம் கழித்து. அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் புதுச் சீட்டு, புது டாக்டர், முதலிலிருந்து அதே கேள்வி: “பீடி உண்டா?”

தென் மாவட்டங்களிலிருந்து சுமங்கலித் திட்டம் என்று அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதியிலே தங்கி மூன்று வருஷம் நூல் நூற்றுத் திரும்பிய பெண்கள் இருமலையும் உடன் கொண்டுபோனார்கள். காகிதம் கோவையிலேயே தங்கிவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் இளைஞனுக்கு நாளை ஊரிலே மூச்சுத் திணறினால், அவன் பஞ்சுக்கு நடுவே நின்றவன் என்று அங்குள்ள டாக்டருக்கு யார் சொல்வது?

மத்திய சர்க்கார் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தொடங்கி, ஆளுக்குப் பதினான்கு இலக்க எண் தருகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நோயாளி இசைந்தால், பழைய குறிப்புகள் டாக்டரின் கண்முன் வரும் என்கிறார்கள். வரட்டும்! காகிதம் சுமந்து அலைந்தவர்கள் நாம், எதிர்ப்பானேன்? ஆனால் என்ன வேலை, எந்தப் பகுதி, எத்தனை வருஷம் என்ற மூன்று விவரங்களை எழுதாவிட்டால் அந்த யந்திரம் என்ன செய்யும்? ‘ஆஸ்துமா, பீடி’ என்ற அரைகுறைச் சேதியை, மாட்டு வண்டியில் போனதை, ஆகாய விமானத்தில் ஏற்றி அனுப்பும், அவ்வளவுதான்.

அடுத்த ஆபத்து வேறு. குறிப்பு டாக்டருக்குப் போகலாம், ஆய்வாளருக்குப் போகலாம். ஆலை ஆபீசுக்குப் போனால்? நெஞ்சு நோய்க்காரன் என்று கேட்டிலேயே தெரிந்துவிட்டால் வேலை ஏது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. அதன்பின் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவோ, வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் இசைவின்றியே அவன் தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. நோயாளியின் சீட்டு இந்த வாசல் வழியே வெளியே போகாது என்று தெளிவாக எழுதச் சொல்லவேண்டும். டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை 2022 நவம்பரில் கயவர்கள் முடக்கிப் போட்டதும் நினைவிருக்கட்டும்.

‘அப்படியானால் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவோமே!’ என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அந்த மௌனம் யாருக்கு லாபம்? அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களிலே 1970-களில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் தாங்களே ‘பிரௌன் லங்’ சங்கம் கண்டார்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் முகாம்கள் நடத்தினார்கள், நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். 1978-ல் பஞ்சுத் தூசிக்கு வரம்பு கட்டி அந்நாட்டு அரசு விதி செய்தது. செலவு தாங்காது என்று முதலாளிமார் வழக்காடினார்கள். 1981-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிற்று.

நம் உச்ச நீதிமன்றமும் 1995 ஜனவரியிலே, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமோ, வேலை முடிந்தபின் 15 வருஷமோ, எது பின்னதோ அதுவரை காக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. ஆஸ்பெஸ்டாசுக்குச் சரியான நீதி பஞ்சுக்கு மட்டும் ஏன் ஆகாது? தொழிற்சங்கங்கள் எழுப்பவேண்டிய கோரிக்கை இது.

அதுவரை கிளைத் தோழர்கள் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். உறுப்பினரின் இ.எஸ்.ஐ. எண், ஆலையின் பெயர், நின்ற பகுதி, சேர்ந்த வருஷம், விட்ட வருஷம் ஆகியவற்றை எழுதி அந்த நோட்டை அவர் கையிலேயே கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் சொல்ல வேண்டும்: “கார்டிங்குங்க, இருபத்தஞ்சு வருஷமுங்க. திங்கக்கெழமையானா நெஞ்சு புடிக்குமுங்க. அதையும் சீட்டுல எழுதுங்க.”