நெற்றிப்பொட்டில் ஏறும் ஜில்

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் தேனி பஸ் கொஞ்ச நேரம்தான் நிற்கும். சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்து இறங்கியவர் ஒரு ஜிகர்தண்டா வாங்குகிறார். அடியில் ஊறிய கடல்பாசி, அதன்மேல் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், நன்னாரி சர்பத், உச்சியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ஸ்பூனால் எடுத்து எடுத்துச் சாப்பிட வேண்டிய பண்டம். டிரைவர் ஹாரன் அடித்ததும் பாதி டம்ளர் ஒரே மடக்கில் உள்ளே போகிறது. அடுத்த நொடி நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறிக்கிறது.

"தலையில நீர் கோத்துக்கிருச்சுப்பா" என்கிறார் பக்கத்தில் நிற்கும் பெரியவர்.

நீர் எதுவும் கோத்துக்கொள்ளவில்லை. வலி கிளம்பிய இடம் தலையே அல்ல, வாயின் மேலண்ணம். அங்கே மெல்லிய சவ்வுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. திடீர்க் குளிர் பட்டதும் அவை சுருங்கி, உடனே விரிகின்றன. அங்குள்ள நரம்பு அதை வலியாக மூளைக்குச் சொல்கிறது என்பதே மருத்துவர்கள் பரவலாகத் தரும் விளக்கம். அண்ணத்துக்கும் நெற்றிக்கும் போவது டிரைஜெமினல் என்ற ஒரே நரம்பின் இரண்டு கிளைகள். எந்தக் கிளையில் வந்த சேதி என்று பிரித்தறிய முடியாமல், அண்ணத்து வலியை மூளை நெற்றியில் உணர்த்திவிடுகிறது. மாரடைப்பு வந்தவருக்கு இடது கை வலிப்பதும் இதே கணக்கில்தான்.

குளிரோடு வேகமும் சேரும்போதுதான் வம்பு. கனடாவின் ஹாமில்டன் நகரில் 145 பள்ளி மாணவர்களுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துச் சோதித்த முடிவு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஐந்து நொடிக்குள் சாப்பிட்டு முடித்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலை வலித்தது. நிதானமாகச் சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். பாதிக்குப் பாதி குறைவு.

ஐஸ் துருவிப் போட்ட சர்பத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் இழுக்கிற வெப்பம், அதே அளவு தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதும். வாயில் போட்டால் அந்த வெப்பம் அண்ணத்திலிருந்தும் நாக்கிலிருந்தும்தான் போக வேண்டும். ஃபிரிட்ஜ் தண்ணீர் இந்த அளவுக்கு உறிஞ்சாது.

வலி வந்துவிட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடிக்கலாம். பக்கத்து டீக்கடையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி ஒரு வாய் குடிக்கலாம். அண்ணம் சூடானால் வலி இறங்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும் என்றாலும் ஆபத்தில்லை. இதற்குப் பயந்து பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸை மறுக்க வேண்டியதே இல்லை, மெதுவாகச் சப்பச் சொன்னால் போதும்.

பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு இந்த வலிக்கு வைத்திருக்கும் கெடு பத்து நிமிடம். அதைத் தாண்டியும் விடாத வலியையும், ஐஸ் எதுவும் சாப்பிடாமலே திடீரென்று இடிபோல் இறங்கும் வலியையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இடிபோல் இறங்கினால், பத்துப் போட்டுப் படுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.