விளையாட்டுக் கணினி: முதல் காசு எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குக் கணினி வாங்கப் போகும் இளைஞர் பலரின் கைபேசியில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். யூடியூபில் ஓர் அமெரிக்கரோ ஐரோப்பியரோ போட்ட பட்டியல் அது. கையிலுள்ள பணத்தில் பாதியை கிராபிக்ஸ் காட்டுக்குக் கொடு, மிச்சத்தில் புரொசசரும் மதர்போட்டும் ராமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்கு, கடைசியில் எஞ்சும் சில்லறைக்கு ஒரு பவர் சப்ளையும் கேசிங்கும் பார் என்று அது சொல்லும். டொலரிலோ யூரோவிலோ சம்பளம் வாங்கி, மின்சாரம் அரிதாகத் தடைப்படும் ஊரில் இருந்து, பழுதான பாகத்தைத் தபாலில் அனுப்பி மாற்றிக்கொள்பவருக்கு அந்தக் கணக்கு சரிவரும். கொழும்பில் குறைந்த பணத்தில் கணினி பூட்டுபவர் அதே பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். முதல் காசு நெடுநாள் நிற்கும் பாகங்களுக்கும் மற்றவற்றைக் காக்கும் பாகங்களுக்கும் போகட்டும். விரைவில் பழசாகும் கிராபிக்ஸ் காட்டுக்குக் கடைசிக் காசு போதும்.

இதற்கு முதற் காரணம் ரூபாயின் நிலை. 2021 ஒக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6600 காட் 329 டொலர் விலையோடு வெளிவந்தது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அந்நாளில், வரியும் கடைக்காரர் இலாபமும் சேராமல் அது 65,800 ரூபாய். 2022 மார்ச்சில் மத்திய வங்கி நாணய மாற்று விகிதத்தைத் தளரவிட்ட பின், மே மாதமளவில் டொலர் 360 ரூபாயளவுக்கு ஏறியது. அதே 329 டொலர் 118,440 ரூபாயாகிவிட்டது. அப்போது 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். உலகச் சந்தையும் நிலையாக இல்லை: செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதால் 2025 இறுதியில் ராம் விலை எங்கும் எகிறியது. ஆகவே இங்கே ஒரு பாகம் எரிந்துபோனால், அதை மறுபடி என்ன விலைக்கு வாங்குவோம் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணினியின் உண்மையான விலை என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் பணமும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் மீண்டும் வாங்க நேரும் பாகங்களின் பணமும் சேர்ந்தது. முதலாவதைக் குறைக்க இரண்டாவதைப் பெருக்கிக்கொள்வது சிக்கனமாகாது.

அப்படிப் பார்த்தால் வரிசையில் முதலில் வருவது பவர் சப்ளை. கணினியின் எல்லாப் பாகங்களோடும் நேரடியாகவோ மதர்போட் வழியாகவோ தொடுப்புள்ளது அது ஒன்றே. மலிவான ஒன்று கெட்டுப்போகும்போது மதர்போட்டையும் காட்டையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் முத்திரையைப் பார்த்துப் பலர் திருப்தி அடைகிறார்கள். அந்த முத்திரை சொல்வது, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை மட்டுமே. அந்தச் சோதனையும் 23 பாகை வெப்பநிலையில் நடப்பது. கொழும்பில் பகல் வேளை 30 பாகையைத் தொடும். மின்னழுத்தம் எகிறினாலோ உள்ளே ஷோர்ட் ஆனாலோ தானாக நின்றுவிடும் பாதுகாப்பு அதில் உண்டா, வொரண்டி எத்தனை ஆண்டு, யார் பொறுப்பேற்பார் என்பவைதான் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள். நல்ல பெயருள்ள 550 வாட் சப்ளை, பெயர் தெரியாத 750 வாட் சப்ளையைவிட மேல்.

அடுத்தது யூ.பி.எஸ். பதின்மூன்று மணிநேர மின்வெட்டு 2022 மார்ச்சோடு போய்விட்டதே, இப்போது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததையடுத்து நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்த இரு நாள்களும் ஒன்றரை மணிநேரச் சுழற்சி வெட்டு வந்தது. கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் இல்லாத நேரத்தைவிட, அது போகும் கணமும் திரும்பி வரும் கணமும்தான் ஆபத்தானவை. பரவலாக விற்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். தாங்குவது பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான். ஆர்.எக்ஸ். 6600 காட் 132 வாட், ரைசன் 5 5600 புரொசசர் 76 வாட், மற்றப் பாகங்களும் மொனிட்டரும் ஏறத்தாழ 75 வாட் என்று கூட்டினால் 280 வாட்டளவில் நிற்கும், அந்த யூ.பி.எஸ். போதும். பழைய விலையுயர்ந்த காட் மலிவாகக் கிடைக்கிறதே என்று 320 வாட் இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3080 காட்டை வாங்கினால், சப்ளை, யூ.பி.எஸ். இரண்டையுமே பெரிதாக்க வேண்டும். மின்கட்டணமும் உண்டு. நாளுக்கு நான்கு மணிநேரம் விளையாடினால் 280 வாட் கணினிக்கு மாதம் 34 அலகு. 500 வாட் கணினிக்கு 60 அலகு. 180 அலகைத் தாண்டிய வீட்டில் அந்த மேலதிக அலகுகள் அதியுயர் கட்டணத்தில் விழும்; பில் கட்டுபவர் பெரும்பாலும் விளையாடுபவராக இருப்பதில்லை.

நல்ல சப்ளையும் யூ.பி.எஸ்.ஸும் வாங்கினால் விளையாட்டு ஒரு பிரேம் கூட வேகமாக ஓடாதே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் எத்தனை பிரேம் வேண்டும் என்பதை மொனிட்டரும் விளையாட்டும் தீர்மானிக்கின்றன. 1080 மொனிட்டரில் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20 லட்சம். 1440 மொனிட்டரில் 37 லட்சம். மொனிட்டரை 1080 என்று முடிவுசெய்தாலே காட்டின் மீதான சுமை ஏறத்தாழ பாதியாகிவிடும். வலோரன்ட், டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் எளிய கணினியிலும் ஓடும்படி எழுதப்பட்டவை. ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற புரொசசர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ராமை ஒரே 16 ஜி.பி. துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. துண்டாகப் போட்டால், தனிக் காட் இல்லாமலே 1080இல் இவற்றை விளையாடலாம். புதிய பெரும் கதை விளையாட்டுகளை இப்படி நன்றாக ஓட்ட முடியாது. 5600ஜியின் உள் நினைவகம் 5600இன் பாதிதான் என்பதால், பின்னால் காட் போடும்போது சிறிது வேகம் குறையும் என்பதும் உண்மை. அந்தச் சிறு இழப்புக்கு ஈடாக, காட்டை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கையில் பணம் சேர்ந்தபின் வாங்கும் சுதந்திரம் கிடைக்கிறது. சப்ளையை அப்படித் தள்ளிப்போட முடியாது.

மதர்போட்டிலும் இதே நியாயம். ஏ.எம்.4 சொக்கெட்டோடு 2017இல் வந்த பல போட்டுகள், மென்பொருளைப் புதுப்பித்தால் 2022இல் வந்த புரொசசரையும் ஏற்றுக்கொண்டன. ஐந்து ஆண்டு பழைய போட்டில் புது மூளை வைக்க முடிந்தது. இன்று அந்த இடத்தில் இருப்பது 2022இல் வந்த ஏ.எம்.5. முழுதாகப் புதிதாய்த் தொடங்குபவர் இயன்றவரை அதில் தொடங்கட்டும். முந்தைய கணினியிலிருந்து டி.டி.ஆர்.4 ராம் கைவசம் உள்ளவர், ராம் விற்கும் விலையைப் பார்த்தால், ஏ.எம்.4இலேயே நிற்பது குற்றமில்லை.

பாவித்த பொருள் வாங்கினால் என்ன என்பது அடுத்த கேள்வி. அலுவலகங்களிலிருந்து கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி ஒன்றில் பழைய காட்டைச் செருகுவதைவிட மலிவான வழி இல்லைதான். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 11இல் வலோரன்ட் விளையாட, பாதுகாப்புச் சில்லான டி.பி.எம். 2.0 இயங்க வேண்டும். அந்தக் கணினிகள் பலவற்றின் சப்ளை தனி வடிவிலானது. பெரிய காட்டுக்கு வேண்டிய மின்வயரும் அதில் இராது. காட்டுகளிலும் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயத்தை காட் கொண்டு தோண்டும் முறை நின்றது. இரவு பகலாக உழைத்த காட்டுகள் அதன்பின் உலகெங்கும் சந்தையில் கொட்டப்பட்டன. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே 2048 கருக்களோடு சீனச் சந்தைக்கு வந்த காட், 2304 கருக்கள் உள்ள அசல் 580 அல்ல. திறனில் அது 570. ஆகவே கேசிங், மொனிட்டர் போன்றவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். காட்டைக் கண்முன்னே அரை மணிநேரம் ஓட்டிப் பார்த்து வாங்கலாம். சப்ளையும் எஸ்.எஸ்.டி.யும் புதிதாகவே இருக்கட்டும்.

வெள்ளவத்தையில் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் உலோகத்தை அரிக்கும் என்பதால், கண்ணாடியால் மூடிய கேசிங்கைவிட முன்புறம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டியும் உள்ளது சிறந்தது. எதை வாங்கினாலும் பில்லில் பாகத்தின் தொடரிலக்கமும் வொரண்டிக் காலமும் எழுதி வாங்க வேண்டும். கடைக்காரர் சொன்ன சொல்லைக் காக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடலாம். கையில் பில் இல்லாத முறைப்பாடு வெகுதூரம் போகாது.

விலை ஏறுகிறதென்றால் காட்டை இன்றே வாங்கிவைப்பதுதானே புத்தி என்று இறுதியாகக் கேட்கலாம். ரூபாய் சரியும் என்ற அச்சத்தில் அவசரப்பட்டு வாங்கிய காட், மோசமான சப்ளையில் ஓடினால் மிச்சம் பிடித்ததாக ஆகாது. தலைமுறை மாறும்போது அதே பணத்துக்குக் கூடிய திறன் கிடைப்பதும் வழக்கம்: 2021இல் 329 டொலருக்கு 8 ஜி.பி. நினைவகத்தோடு ஒரு காட் வந்தது. 2024 டிசம்பரில் இன்டெல்லின் பி580 காட் 12 ஜி.பி.யோடு 249 டொலருக்கு வந்தது. காத்திருப்பதால் பயன் பெறும் பாகம் காட்தான். ஆகவே பிள்ளைக்குக் கணினி வாங்கித்தரும் பெற்றோரும், முதற் சம்பளத்தில் தனக்கே பூட்டும் இளைஞரும் மொனிட்டரையும் விளையாட்டையும் முதலில் முடிவுசெய்யட்டும். சப்ளை, யூ.பி.எஸ்., போட் மூன்றுக்கும் உரிய பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் வரும் காட்டை வாங்கட்டும். மீதி போதாவிட்டால் இப்போதைக்குக் காட் இல்லாமலே தொடங்கட்டும். அடித்தளம் சரியாக அமைந்த கணினியில் காட்டை எப்போதும் மாற்றலாம்.